பத்தியமும் கஞ்சியும்

தொண்டையில் ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவருக்கு என்ன ஆகாரம் கொடுப்பது? தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பத்தில் இக்கேள்வி எழும்பொழுது, ஊரிலிருக்கும் பாட்டியார் ஒன்று கூறுவார். அண்டை வீட்டு அம்மையார் வேறொன்று கூறுவார். சிகிச்சை பெற்ற குழந்தையோ வலிக்கு அஞ்சி வாயையே திறவாது. இக்குழப்பத்திற்கு நீண்டதொரு சரித்திரம் உண்டு.

தொண்டையில் கத்தி வைப்பது புதிய வழக்கமன்று. உள்நாக்கு வீங்கினால் அதனைப் பற்றியிழுத்து அறுக்கும் முறையைச் சுச்ருத சம்ஹிதை விவரிக்கின்றது. மிகுதியாக அறுத்தால் இரத்தம் பெருகி உயிருக்கே அபாயம் நேரும். குறைவாக அறுத்தால் வீக்கம் நீங்காது என்று அந்நூல் எச்சரிக்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், டான்ஸில் சதையை விரலால் பெயர்த்தெடுத்தபின் புண்ணைக் காடியால் கொப்பளிக்கச் சொன்னார். மயக்க மருந்தில்லாத காலத்தில் அந்நோயாளி பட்ட வேதனையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஈதர் மயக்கம் 1846-இல் பலரறிய நிலைநாட்டப்பட்ட பின்னரே இத்துறையில் ஆறுதல் பிறந்தது.

சிகிச்சைக்குப் பின் உண்ணும் முறையில் நம் நாட்டினர் நெடுங்காலமாகவே கருத்தூன்றியுள்ளனர். சரக சம்ஹிதை இருபத்தெட்டு வகைக் கஞ்சிகளைக் கூறுகின்றது. வாந்தி, பேதி முதலிய சுத்தி சிகிச்சைகளுக்குப் பின் முதலில் நீர்த்த கஞ்சியாகிய பேயா, அடுத்துக் குழைந்த கஞ்சியாகிய விலேபீ, பின்னர் பருப்புச் சாறு எனப் படிப்படியாக ஏறுவதே ஆயுர்வேத வழக்கு. அந்நூல் கூறும் ‘பத்யம்’ என்ற சொல்லுக்கு, உடலின் வழிகளுக்கு உகந்தது என்பதே பொருள். அச்சொல் நம் வீடுகளில் பத்தியமாகி, விலக்கவேண்டியவற்றின் பட்டியலாகச் சுருங்கிவிட்டமை வருந்தத்தக்கது.

கஞ்சியோ கடல் கடந்து புகழ் பெற்றது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அங்கு அச்சிட்ட தம் நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை வாந்திபேதி நோயாளிக்குக் கொடுப்பதைக் குறித்து, அதன் பெயர் ‘காஞ்ஜெ’ என்று எழுதினார். ஆங்கிலத்தில் ‘காஞ்ஜி’ என வழங்கும் சொல்லும் நம் கஞ்சியே. இன்று நாம் வாழும் மாநிலங்களிலும் அதன் உறவினர் உளர். கொங்கணத்தில் அது ‘பேஜ்’. வங்காளத்தில் வடிக்காத குழைந்த சோறு ‘பேனா பாத்’. ஆதலின் அயலூரில் நோயுற்றவர் அண்டை வீட்டில் கஞ்சி கேட்கக் கூச வேண்டுவதில்லை. மிளகை மட்டும் விலக்கச் சொன்னால் போதும். புண்பட்ட தொண்டைக்கு அது எரிச்சல் தரும்.

குளிர்ந்த பொருளின் கதை வேறு. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டி ஏற்றிய கப்பல் கல்கத்தாவை அடைந்தது. வெட்டியெடுத்த ஏரிப் பனியில் ஒரு பகுதி வழியிலேயே உருகிற்று. எஞ்சியதை நகரத்தார் அதிசயமாகக் கண்டனர். சென்னைக் கடற்கரையிலும் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய கட்டிடம் அதுவே. இயந்திரப் பனிக்கட்டி வந்தபின் அவ்வியாபாரம் மறைந்தது. ஆயினும் ‘தொண்டைக்குக் குளிர்ச்சி ஆகாது’ என்ற அச்சம் நம்மிடையே மறையவில்லை. டான்ஸில் சிகிச்சைக்குப் பின் குளிர்ந்த நீரும் ஐஸ்கிரீமும் வலியைத் தணிக்கும் என்பதே வைத்தியர் துணிபு.

அண்மைக்கால ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் உணர்த்தின. மென்மையான உணவே உண்டவர்களையும் வழக்கமான உணவை உண்டவர்களையும் ஒப்பிட்டதில், பின்னவர்க்கு இரத்தப்பெருக்கு மிகுதியாகக் காணப்படவில்லை. உண்மையான ஆபத்து பருகாமலிருப்பதே. நீர் குறைந்தால் தொண்டை வறண்டு வலி மிகும். வலி மிகுந்தால் மேலும் பருக மனம் வராது. ஆகவே சிறிது சிறிதாக அடிக்கடி பருகச் செய்தல் வேண்டும். ஆறிய கஞ்சி, இளநீர், குழைந்த பருப்புச் சாதம், இட்லி ஆகியவை ஏற்றவை. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புச் சாறும் காரமும் எரிச்சலூட்டும். சிவப்பு நிறப் பானத்தைத் தவிர்ப்பது நலம். இரத்தம் கசிந்தால் அது கண்ணுக்குப் புலப்படாது. முதல் நாளிலும், ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும் கவனம் மிகுதியாக வேண்டும். வாயில் இரத்தம் கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காலந்தாழ்த்தாது உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

பத்தியம் என்பது பட்டினியன்று. உடலின் வழிக்கு உகந்ததைத் தேர்ந்து ஊட்டுவதே அதன் பழம்பொருள். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நாம் அப்பொருளை மறவாதிருந்தால், பாட்டியாரின் கஞ்சியும் வைத்தியரின் சொல்லும் ஒன்றோடொன்று முரண்படமாட்டா.