நாய்களில் மயக்க மருந்தும் கண் அனிச்சைகளும்

அறுவை மேசையில் கிடக்கும் நாயின் மயக்கம் எவ்வளவு ஆழமானது என்பதைக் கண் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். ஈதர் மயக்கத்தில் இருந்த மனிதர்களின் விழி அசைவைக் கொண்டு அந்த ஆழத்தை 1920-இல் வகைப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் குயெடல். கால்நடை மருத்துவமும் அவ்வழியிலேயே வந்தது.

அதிகம் பார்க்கப்படுவது இமை அனிச்சை. கண்ணின் மூக்கோர முனையை விரலால் லேசாகத் தொட்டால் நாய் இமைக்கும். தொடுகையை ஐந்தாம் மூளை நரம்பு உணர்கிறது. இமையை மூடுவது ஏழாவது. மயக்கம் ஆழமாகும்போது இது மந்தமாகி மறைகிறது. அடிக்கடி தொட்டாலும் மந்தமாகும் என்பதால் விட்டுவிட்டே சோதிக்க வேண்டும். அறுவைக்கு ஏற்ற ஆழத்தில் விழி கீழே மூக்குப் பக்கமாகச் சுழன்றுவிடும். மூன்றாம் இமை மேலேறி, பெரும்பாலும் வெள்ளைதான் தெரியும். மயக்கம் மிகுந்தாலோ விழி மறுபடி நடுவுக்கு வரும், கண்பாவை விரியும், ஒளிக்குச் சுருங்காது. நடுவில் நிற்கும் விழி லேசான மயக்கத்துக்கும் அடையாளம், ஆபத்தான ஆழத்துக்கும் அடையாளம். ஆகவே தாடை இறுக்கம், மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவெடுப்பார்கள். கார்னியாவைத் தொட்டால் இமைக்கும் கார்னியா அனிச்சை கடைசிவரை நிற்கக்கூடியது. ஆனால் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் கார்னியா புண்ணாகும். அன்றாடச் சோதனைக்கு அது உதவாது.

எந்த மருந்து என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். கீட்டமைன் கொடுத்த நாய் கண்ணைத் திறந்தபடியே கிடக்கும், இமைக்கவும் செய்யும். அட்ரோபின் கண்பாவையை விரிக்கும், மார்ஃபின் சுருக்கும். கண்புரை அறுவையில் தரப்படும் அட்ராகூரியம் தசைகளைத் தளர்த்தி விழியை நடுவில் நிறுத்துகிறது. அறுவை செய்பவருக்கு வேண்டியது அதுதான். மயக்கத்தைக் கவனிப்பவருக்கோ இமை அனிச்சை கைவிட்டுப் போகிறது.

இவையெல்லாம் பார்த்துச் செய்யும் மதிப்பீடு. கார்னியா உணர்ச்சியை எண்ணாக அளக்க வேண்டுமானால் கோஷே-போனே கருவி உண்டு. 0.12 மி.மீ. தடிமனுள்ள நைலான் இழையை 60 மி.மீ. நீளத்தில் தொடங்கி, நாய் இமைக்கும்வரை படிப்படியாகக் குறைத்துக் கார்னியாவில் தொடுவார்கள். இழை குட்டையாகும்போது விறைத்து, அழுத்தம் கூடும். மரப்புச் சொட்டு மருந்துகளின் வீச்சை ஆராய இதுவே வசதி. பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குக் கார்னியா உணர்ச்சி இயல்பிலேயே குறைவு. அவற்றைப் பிற இனங்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

மயக்கம் கண்ணீரையும் பாதிக்கிறது. அதை அளப்பது 1903-இல் வந்த ஷிர்மர் சோதனை. கீழிமையில் காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் விட்டால், நலமான நாயில் 15 மி.மீ.க்குக் குறையாமல் நனையும். முழு மயக்கத்தில் இது ஏறக்குறைய பூஜ்ஜியமாகிறது. விழித்த பிறகும் 24 மணி நேரம் வரை குறைந்தே இருக்கலாம். இமையும் மூடாமல் கண்ணீரும் சுரக்காமல் கிடந்தால் கார்னியா காய்ந்து புண்ணாகும் என்பதால், மயக்கத்தின்போதும் தெளிந்த பிறகும் கண் களிம்பு இடப்படுகிறது.