மட்டாஞ்சேரியில் ராத்திரிச் சாப்பாடு

கொச்சியின் மட்டாஞ்சேரியில், குஜராத்தி ரோட்டில் உள்ள தர்மநாதர் கோயில் 1904-இல் கட்டப்பட்டது. அங்கே வணங்கும் ஜைனக் குடும்பங்களில் பழைய நெறி தவறாதவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கையலம்பிவிடுவார்கள். கொச்சங்காடியில் செம்பிட்டப்பள்ளி மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களிலோ ரமலான் மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும். யூதத் தெருவில் ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை அந்தி வரும் முன்பே சமையலை முடித்தாக வேண்டியிருந்தது; மறுநாள் இரவுவரை புதிதாக அடுப்பு மூட்டமாட்டார்கள். சேர்லாயில் வாழும் கொங்கணிகள் நன்றாக மீன் சாப்பிடுகிறவர்கள், ஆனால் விரத நாளில் வெங்காயம், பூண்டுகூடச் சமையலறைக்குள் வராது. நடந்தே சுற்றி வந்துவிடக்கூடிய இந்தச் சின்ன ஊரில் ராச்சாப்பாட்டுக்கு இத்தனை விதிகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கடை என்பது இங்கே முளைத்ததே அபூர்வம். முளைத்தபோதும் அது உல்லாசத்துக்காக வந்ததல்ல, துறைமுகத்தில் உழைத்தவன் வயிற்றுக்காக வந்தது.

1341-இல் பெரியாறு பெருக்கெடுத்து முசிறித் துறை தூர்ந்துபோக, கொச்சியின் கழிமுகம் திறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். மிளகைத் தேடி 1500-இல் போர்த்துகீசியர் வந்தார்கள். 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்கு அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். கோவாவில் சமய நெருக்கடி முற்றியபோது அங்கிருந்து கிளம்பிய கொங்கணிகள் ராஜாவின் நிழலில் ஒதுங்கினார்கள். 1568-இல் பரதேசி யூதர்களின் ஜெபாலயம் அரண்மனையை ஒட்டியே எழும்பியது. பிறகு டச்சுக்காரர் 1663-இலும் ஆங்கிலேயர் 1795-இலும் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. பக்கத்திலேயே இருந்த மட்டாஞ்சேரி ராஜாவின் கையில் நின்றது. குஜராத்தி வணிகர்கள், கச்சி மேமன்கள், தக்கினி முஸ்லிம்கள், தமிழ்ப் பிராமணர்கள், ராணுவத்தாரின் உடுப்புகளை வெளுக்க டச்சுக்காரர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் கொச்சியின் இந்தக் கரையில் அடுத்தடுத்துக் குடியேறியதாகக் கணக்குச் சொல்வார்கள்.

வந்த ஒவ்வொருவரும் தங்கள் சமையலறையையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதன் கதவை மட்டும் அடுத்த வீட்டாருக்குத் திறக்கவில்லை.

மசாலாவும் பாத்திரமும் வீடு மாறின, பந்தி மாறவில்லை. யூத வீடுகளின் ‘பாஸ்டல்’ போர்த்துகீசியப் பெயரைத் தாங்கியது, அவர்களுடைய மீன் குழம்பில் மலையாளத் தேங்காய்ப்பால் கலந்தது. ஆனால் கோஷர் விதிப்படி அறுக்காத இறைச்சியை அவர்கள் தொட முடியாது. பிராமணர் பிறர் சமைத்ததைத் தொடமாட்டார். சாதி இந்துக்களின் பந்தியில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு இலையே கிடையாது. 1913-இல் சீர்திருத்தவாதி பண்டிட் கருப்பன் முயற்சியில் புலையர்கள் கூட்டம் போட நினைத்தபோது நிலத்தில் இடம் கொடுக்க ஆளில்லை. காயலில் படகுகளை இணைத்துக் கட்டி, தண்ணீர் மேல் நின்று பேசினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1917 மே மாதம், வைப்பின் தீவின் செறாயில் ஈழவரான சகோதரன் ஐயப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். அதற்குக் கிடைத்த பட்டம் ‘புலையன் ஐயப்பன்’. அவர் அந்தப் பெயரைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது புரட்சியாக எண்ணப்பட்ட அந்தக் காலத்தில், காசு கொடுத்தால் யாருக்கும் இலை போடும் கடை எப்படி நிலைத்திருக்கும்?

சென்னையின் பழைய ஓட்டல்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தன. ‘பிராமணாள்’ என்ற பலகையைத் தொங்கவிட்டால் சமைப்பவர் யார் என்ற சந்தேகம் வாடிக்கையாளருக்கு இல்லை. அந்தப் பலகையை எதிர்த்து 1957-இல் பெரியாரின் தொண்டர்கள் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். மட்டாஞ்சேரியில் பந்தியின் பூட்டை உடைத்ததில் பெரும்பங்கு துறைமுக வேலைக்கு உண்டு.

1920-இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கழிமுகத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டித் திறந்தார். 1928-இல் பெரிய கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணிலேயே வில்லிங்டன் தீவு உருவானது. அதன் மேற்குக் கரைத் துறைமேடைக்கு மட்டாஞ்சேரி வார்ஃப் என்றே பெயர். மறுகரையின் பஜார் ரோட்டில் அரிசி, மிளகு, இஞ்சி, கொப்பரைக் கிட்டங்கிகள் வரிசையாக நின்றன. படகிலிருந்து மூட்டை இறக்கவும் கிட்டங்கியில் அடுக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி, கப்பல் வந்தால் நள்ளிரவுவரை நிற்கும் இவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு எட்டாது. அவர்களுக்காக வந்தவைதான் சாயாக்கடைகள். பித்தளைச் சமோவரில் எப்போதும் வெந்நீர் கொதிக்கும். புட்டும் கடலையும், கஞ்சியும் பயறும், வசதிப்பட்ட நாளில் இறைச்சிக் கறியும் கிடைக்கும். மூட்டை சுமந்து வியர்த்தவனிடம் யாரும் சாதி கேட்டுக் கொண்டிருக்க நேரமில்லை.

அந்தக் கடைகளுக்குப் பின்னால் பசியின் வரலாறும் உண்டு. கொச்சியும் திருவிதாங்கூரும் வெகுகாலமாகப் பர்மா அரிசியை நம்பியிருந்தவை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. அரிசிக் கிட்டங்கிகளைச் சுற்றி வாழ்ந்த ஊர் ரேஷன் கடை வாசலில் நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறானது. வேலையும் நிச்சயமில்லை. ‘சாப்பா’ எனப்படும் உலோக வில்லைகளை வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன்மார் கூட்டத்தின் மேல் வீசுவார்கள். அடிபிடியில் ஒன்றைக் கைப்பற்றியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்கு வெறுங்கை. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. சாப்பா கிடைக்காதவனுக்கு மாலையில் கடன் சொல்லிச் சாப்பிடச் சாயாக்கடை வேண்டும். கடைக்காரரின் பற்று நோட்டில்தான் பலர் வீட்டு வாழ்க்கை ஓடியது.

அப்படிப்பட்ட காலத்தில், 1948-இல், நியூ ரோட்டில் வி. கே. காயி என்பவர் ரஹ்மத்துல்லா ஓட்டலைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் பலகையைப் பொருட்படுத்தவில்லை. காயிக்காவின் கடை என்றார்கள். அதுவே ‘காயீஸ்’ ஆகி நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டுச் செம்புகளில் மட்டும் வெந்துகொண்டிருந்த பிரியாணியை இந்தக் கடை தட்டுக்கு இத்தனை காசு என்று எல்லார் முன்னாலும் வைத்தது. இன்றும் அங்கே போனால் குட்டையான கைமா அரிசிச் சோறு, அதிகம் காரமில்லாத மசாலாவில் ஆட்டிறைச்சி, தொட்டுக்கொள்ள இனிப்பும் புளிப்புமான ஈத்தப்பழ ஊறுகாய். திண்டுக்கல், ஆம்பூர்ப் பிரியாணிகளில் பழகிய நாக்குக்கு முதல் கவளம் சாதுவாகத் தோன்றும், நெய்யும் வெங்காயமும் பிறகுதான் பேசத் தொடங்கும். பெயர்பெற்ற கடையாகியும் அதன் பழைய குணம் போகவில்லை. நெருக்கமான மேஜைகள், முன்பின் அறியாதவர் பக்கத்தில் இடம், சாப்பிட்டதும் எழுந்து இடம்விடும் மரியாதை எல்லாம் தொழிலாளர் கடைக்கே உரியவை.

குஜராத்தி ரோட்டில் நடந்தது வேறு. வீட்டுச் சமையலைக் கடைக்கு விடாத சமூகம், பலகாரத்தை மட்டும் விட்டுக்கொடுத்தது. எண்ணெயிலும் நெய்யிலும் பொரித்த பண்டத்துக்குத் தீட்டு விதிகள் கொஞ்சம் தளர்வு. வட இந்திய வீடுகளில் ‘பக்கா’ உணவு என்று தனியாகவே பிரிப்பார்கள். அதனால் ஜிலேபியும் காட்டியாவும் பேடாவும் தெருவுக்கு வந்தன. சாந்திலால் மிட்டாய்வாலா கடையில் இன்றைக்கும் கொங்கணியும் மாப்பிளையும் தமிழரும் ஒரே கண்ணாடி அலமாரி முன்னால் நிற்கிறார்கள். ஊரின் பொதுச் சாப்பாடு இரண்டு வழியாக வந்தது என்று சொல்லலாம்: இறைச்சி பிரியாணி வழியாக, சைவம் இனிப்பு வழியாக. சைவ ராச்சாப்பாடு மட்டும் நெடுங்காலம் வீட்டைத் தாண்டவே இல்லை.

பிறகு ஊர் காலியாகத் தொடங்கியது. 1950-களில் யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனார்கள். வணிகக் குடும்பங்களின் பிள்ளைகள் எர்ணாகுளத்துக்கும் பம்பாய்க்கும் நகர்ந்தார்கள். 1967-இல் மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி, எர்ணாகுளம் நகராட்சிகளை இணைத்து மாநகராட்சி அமைத்தபோது நகரத்தின் மையம் காயலின் கிழக்குக் கரைக்கே போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு தொடங்கிய கொச்சின் கல்லூரி இளைஞர்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தது உண்மைதான். மாணவன் கையில் இருக்கும் காசுக்கு ஏற்றது தட்டுக்கடை. பொழுது சாய்ந்தபின் தெருவோரம் தோன்றும் இந்தத் தள்ளுவண்டியில் தோசை, முட்டை ஆம்லெட், பொறோட்டா, கட்டஞ்சாயா. சமூகக் கடிகாரம் எதற்கும் கட்டுப்படாத ராச்சாப்பாட்டை மட்டாஞ்சேரிக்குப் பழக்கியது இந்த வண்டிதான்.

நட்சத்திரத் தரமான ‘டின்னர்’ வந்தது வேறொரு வழியில். 1997-இல் கோட்டைக் கொச்சியின் பர்கர் தெருவில் காசி ஆர்ட் கபே திறந்தது. ஓவியத்தையும் காபியையும் ஒரே கூரைக்குள் வைத்த இந்த யோசனையைப் பலர் பின்பற்றினார்கள். 2011-இல் வல்லார்பாடத்தில் புதிய கன்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்க, துறைமுக வேலை மட்டாஞ்சேரியிலிருந்து இன்னும் விலகிப்போனது. மறுவருடம் டிசம்பர் 12 அன்று முதல் கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி திறந்தபோது, மிளகு மணத்த கிட்டங்கிகளில் சித்திரங்கள் தொங்கின. யூதத் தெருவின் நறுமணப் பொருள் கிடங்குகளில் சில உணவகங்களாக மாறிக் காயலைப் பார்த்து மேஜை போட்டன. மூட்டை இறக்கிய படித்துறையில் இப்போது மெனு அட்டை விரிகிறது. சுமைதூக்கியவரின் பேரன் அங்கே பரிமாறலாம். உட்கார்ந்து சாப்பிடும் விலையா என்பது வேறு விஷயம்.

ஆகவே மட்டாஞ்சேரிக்குப் போகிறவர் ‘நல்ல ஓட்டல் எது’ என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எந்த நேரத்தில், யாருடைய சமையல் என்றும் சேர்த்துக் கேளுங்கள். யூதத் தெரு மாலையோடு அடங்கிவிடும், அங்கே இரவுக்குக் காத்திருக்க வேண்டாம். பலகாரத்துக்குக் குஜராத்தி ரோட்டுக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். பிரியாணி என்றால் மதியத்தில் முந்திக்கொள்வது நல்லது. ரமலான் மாதமானால் பள்ளிவாசல் தெருக்களில் நோன்பு திறந்த பிறகு நடந்து பாருங்கள். மற்ற இரவுகளில் விலை உயர்ந்த காயலோர மேஜையைவிடத் தட்டுக்கடையின் தோசைக் கல்லுக்கே என் வாக்கு.