உலோகப் பல் உறை வார்ப்பு: மெழுகு முதல் பிசின் வரை

உலோகப் பல் உறை என்பது சிதைந்த பல்லையோ, வேர் சிகிச்சை செய்த பல்லையோ காக்க அதன்மேல் ஒட்டப்படும் மூடி ஆகும். பேச்சு வழக்கில் இது 'கேப்' எனப்படுகிறது. வார்க்கப்படும் உறை பல்லில் சரியாகப் பொருந்துமா என்பது, முதலில் செய்யப்படும் மாதிரி எந்தப் பொருளால் ஆனது என்பதையும் பொறுத்தது.

பழைய முறை

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டிலிருந்து வந்து, இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் கால நடராசர் திருமேனி இதற்குப் புகழ்பெற்ற சான்று. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கின்றனர். சிலையில் சிறு பிழை நேர்ந்தால் உளியால் திருத்தலாம். பல் உறையின் உட்புறத்தில் அது எளிதன்று.

பல் மருத்துவத்தில்

1907 சனவரியில் நியூயார்க்கில் வில்லியம் டாகர்ட் தமது வார்ப்பு முறையை விளக்கினார். அதன்பின் இது பல் மருத்துவத்தில் வேகமாகப் பரவியது. ஆனால் தங்கக் கலவை ஆறும்போது ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்குகிறது. நிக்கல்-குரோமியக் கலவை 2 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்குகிறது. இதை ஈடுகட்ட, விரிவடையும் அச்சுக் கலவைகள் உருவாக்கப்பட்டன. எனினும் மாதிரியே உருமாறினால் அந்த ஈடு போதாது.

மாதிரிப் பொருள்கள்

மெழுகைச் செதுக்குவது எளிது. ஆனால் அது சூட்டில் மிகுதியாக விரியும். உருவாக்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம், மாதிரியை எடுத்து வைத்தபின் மெல்லத் தளர்ந்து விளிம்பை விலக்கும். வெப்பமான அறையில் இது விரைவாக நடக்கும்.

அக்ரிலிக் பிசின் உறுதியானது. கையாளும்போது எளிதில் வளையாது. ஆனால் இறுகும்போதே சுருங்கும். அதனால் தொழில்நுட்பர்கள் பெரிய மாதிரிகளை வெட்டி, இடைவெளியில் சிறிதளவு பிசினிட்டு மீண்டும் இணைப்பர். உலையில் வேகமாகச் சூடேற்றினால் பிசின் விரிந்து அச்சைப் பிளக்கவும் கூடும். இப்போது ஒளியால் இறுகும் பிசின்களும், கணினி வழி அச்சிடும் மாதிரிகளும் பயன்படுகின்றன.

இடைவெளியின் விளைவு

மெக்லீன், வான் ஃபிரான்ஹோபர் ஆகியோர் 1971-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல் சீரமைப்புகளை ஆராய்ந்து, விளிம்பு இடைவெளி 120 மைக்ரோமீட்டரைத் தாண்டக்கூடாது என்றனர். அதாவது 0.12 மில்லிமீட்டர். இடைவெளி மிகுந்தால் ஒட்டும் சிமெண்டு கரையும், கிருமிகள் புகும், உறைக்கு அடியில் பல் சொத்தையாகும். உலோகம் மறைப்பதால் வலி வரும்வரை நோயாளிக்குத் தெரியாமலும் போகலாம்.

எனவே எந்தப் பொருளும் தானாகவே நல்ல பொருத்தத்தைத் தருவதில்லை. மெழுகு மாதிரியைக் காத்திருக்க வைக்காமல் உடனே அச்சிலிடுவதும், பிசினின் சுருக்கத்தை முன்பே சரிசெய்வதும் பல்லைக் காக்கும் வேலையின் பகுதிகளே.