மாற்றியமைத்த துப்பாக்கிகள் கூறும் வரலாறு

பழம்பொருள் திரட்டுவோருள் நாணயத்தையும் ஓலைச்சுவடியையும் நாடுவோர் பலர். பழைய படைத் துப்பாக்கியை நாடுவோர் சிலரே. அச்சிலரும் மாற்றம் எதுவும் பெறாத துப்பாக்கியையே பெரிதும் விரும்புவர். வெட்டியும் ஒட்டியும் அடுத்த போருக்கென மாற்றப்பட்டதை ‘ஒட்டுப் போட்டது’ என ஒதுக்குவாரும் உளர். நாம் அவர்களோடு உடன்படுவதற்கில்லை. ஆண்டவர்கள் யாரை நம்பினர், யாரை நம்பவில்லை என்பது அந்த ஒட்டிலேதான் பதிந்து கிடக்கிறது.

கிழக்கிந்தியக் கும்பினி தன் சிப்பாய்களுக்கென 39 அங்குலக் குழலுடைய மலிவான துப்பாக்கியைச் செய்வித்தது. பிரெஞ்சுப் போர் மூண்டு கருவித் தட்டுப்பாடு நேர்ந்தபோது இங்கிலாந்து அரசே அவற்றைக் கும்பினியிடம் வாங்கிற்று. 1797-இல் அதனையே தன் படைக்கும் உரியதாக ஏற்றுக்கொண்டது. ‘இந்திய மாதிரி’ என்பது அதன் பெயர். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற ஆங்கில வீரர்கள் ஏந்தியதும் பெரும்பாலும் அதுவே. சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பிய அத்துப்பாக்கிகளைப் பின்னாளில் கேப்பு வைத்துச் சுடுமாறு திருத்தினர்.

1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் கிளர்ச்சி மூண்ட கதையைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். என்பீல்டுத் துப்பாக்கியின் குழலினுள் மூன்று திருகுவரிகள் உண்டு. குண்டு சுழன்று சென்று தொலைவிலுள்ள குறியைத் தைக்க உதவுவன அவை. இந்தியச் சிப்பாய்க்கு அத்துணைக் கூர்மை ஆகாதென்று கருதிய அரசு, வரிகளைக் கடைந்தெடுத்துக் குழலை வழுவழுப்பாக்கிக் கொடுத்தது. 1858-ஆம் ஆண்டு மாதிரி என்பது இதுவே. கடைந்த குழல் மெலிந்து எளிதில் புடைத்துக் கெட்டமையால், மறு ஆண்டு மாதிரியில் தடித்த குழலையே வைக்க நேர்ந்தது. நல்ல கருவியைப் பொருள் செலவிட்டுப் பழுதாக்கிய விந்தை இது!

ஆங்கில வீரனுக்கோ வேறு வகை மாற்றம். அமெரிக்கராகிய ஜேக்கப் ஸ்னைடர் வகுத்த முறைப்படி 1866 முதல் என்பீல்டுக் குழலின் பின்புறத்தை வெட்டிக் கீல் மூடி பொருத்தினர். வாய்வழி மருந்து கெட்டித்து நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டவன், பின்வழித் தோட்டா இட்டுப் பத்து முறை சுடலானான். இதன் முதற் களங்களுள் ஒன்று நாம் வாழும் இந்நகரோடு தொடர்புடையது. அபிசீனிய மன்னர் தியோடர்மீது படை நடத்திய ராபர்ட் நேப்பியர், பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதி. தமிழர் மிகுந்திருந்த சென்னைச் சாப்பர்ஸ் படையினரும் கடல் கடந்து அங்குச் சென்றனர். 1868 ஏப்ரல் 10 அன்று அரோகிப் போரில் ஆங்கிலேயர் கையில் ஸ்னைடர். பஞ்சாபிப் பயனியர் கையில் வாய்வழிக் கெட்டிக்கும் பழந்துப்பாக்கி. ஒரே களம், ஒரே பகை, ஒரே கொடி! ஸ்னைடர் இந்தியருக்கு வந்து சேர்ந்த காலத்தில் ஆங்கிலேயர் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிக்கொண்டிருந்தனர்.

ஆகவே இத்தகைய துப்பாக்கி எதிர்ப்படின் முதலில் குழலின் உட்புறத்தை ஆராய்தல் வேண்டும். உள்ளே பழைய மருந்து கிடக்கவும் கூடும்; தெரிந்தவரைக் கொண்டு அதனைச் சோதித்த பின்னரே நோக்குக. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் கும்பினியின் சிங்க முத்திரையையும் சேர்த்தே அழித்துவிடுகின்றனர். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட இயலாத பழந்துப்பாக்கிக்கே விலக்கு அளிக்கிறது. ஏனையவற்றுக்கு உரிமம் வேண்டும்.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கும்பினிக் காலப் படைக்கலங்களைக் காணலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க.