இரண்டாவது வாயிலின் காவல்



வத்திராயிருப்பைச் சூழ்ந்துள்ள கண்மாய்க் கரைகளைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். வெள்ளம் வலுவான கரையோடு மோதிக்கொண்டே நிற்பதில்லை. மெலிந்த இடத்தைத் தேடிச் சென்று அங்கேதான் உடைக்கிறது. ஆதலால் பெரிய மடையைக் காப்பவர், ஒதுக்குப்புறத்திலுள்ள சிறு மடையையும் மறத்தலாகாது. மின்னஞ்சலின் வரலாறு இந்த உண்மைக்கு நல்லதொரு சான்றாகும்.

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். அக்காலத்தில் ஆர்பாநெட் என்ற அந்த வலையமைப்பைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்களே. அவர்களிடையே நம்பிக்கை நிலவியது. 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த அஞ்சல் விதிகளும் அந்த நம்பிக்கையின்மீதே எழுந்தவை.

1986-ஆம் ஆண்டு ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் ஒரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். ஒரு நிறுவனம் தனக்கு வரும் கடிதங்களை ஏற்க ஒன்றுக்கு மேற்பட்ட அஞ்சல் கணிப்பொறிகளை, அதாவது சர்வர்களை, எண்ணிட்டு அறிவிக்கலாம். சிறிய எண் உடையதே முதல் நிலையம். அது பழுதுற்றுக் கிடந்தால், கடிதம் அடுத்த எண்ணுடைய மாற்று நிலையத்திற்குச் செல்லும். முதல் நிலையம் விழித்தெழுந்ததும் அங்கே ஒப்படைக்கப்படும். வீட்டில் ஆள் இல்லாதபோது, நமக்கு வந்த கடிதத்தை அண்டை வீட்டார் வாங்கி வைத்துத் தருவதை இது ஒக்கும்.

அதே 1986-இல்தான் நம் நாட்டில், ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கப்பெற்றது. பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ஐந்து ஐ.ஐ.டி.கள், தில்லியின் மின்னணுத் துறை ஆகிய எட்டு நிறுவனங்கள் அதில் பங்கேற்றன. அவற்றுள் ஒன்று நம் மதராஸ் ஐ.ஐ.டி. என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தியாகும். தொடக்கத்தில் தொலைபேசி வழியே இணைப்புக் கிடைத்த வேளையில்தான் கடிதங்கள் கைமாறின. அத்தகைய நாளில், ஒருவர் கடிதத்தை மற்றொருவர் வைத்திருந்து அனுப்புவது இன்றியமையாத உதவியாக இருந்தது.

ஆனால், எங்கே நம்பிக்கை உண்டோ, அங்கே அதை விலையாக்க நினைப்பவரும் வந்து சேருவர். வேண்டாத செய்திகளை மறுக்கும் வழி கணிப்பொறிகளுக்கு இல்லையே என்று போஸ்டல் 1975-லேயே எழுதினார். 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க், புதிய கணிப்பொறிகளுக்கான விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பினார். அதுவே குப்பை அஞ்சலின் முன்னோடி. பிற்காலத்தில் அதற்கு 'ஸ்பாம்' என்ற பெயர் நிலைத்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, உலகெங்கும் இந்தக் குப்பை பெருகத் தொடங்கியிருந்தது.

முதல் நிலையங்களில் காவல் பலப்பட்டது. 1997-இல் பால் விக்ஸி, குப்பை அனுப்பும் முகவரிகளின் பட்டியல் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 2003-இல் எவன் ஹாரிஸ் வேறொரு யுக்தியை விளக்கினார்: அறிமுகமில்லாதவரிடம் 'சற்றுப் பொறுத்து வருக' என்று சொல்லுதல். முறையான சர்வர் மீண்டும் வரும். குப்பை அனுப்பும் நிரல்களுள் பெரும்பாலானவை அக்காலத்தில் மீண்டும் வருவதில்லை.

குப்பை அனுப்புவோர் என்ன செய்தனர்? முதல் வாயிலை நாடாமலே, பெரிய எண்ணுடைய மாற்று நிலையத்தைத் தேடிச் சென்றனர். அங்கே காவல் தளர்ந்திருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இதனால் மூன்று தீங்குகள் விளைந்தன.

முதலாவது, மாற்று நிலையம் நண்பனாதலால், அது கொண்டுவரும் கடிதத்தை முதல் நிலையம் ஐயுறாமல் ஏற்றது. இரண்டாவது, ஐயுற்று ஆராய்ந்தாலும், கடிதத்தைக் கொணர்ந்தவர் என்று தெரிவது மாற்று நிலையத்தின் முகவரியே. மெய்யான அனுப்புநர் மறைந்துவிடுகிறார். குற்றமற்ற மாற்று நிலையமே கரும்பட்டியலில் ஏறவும் கூடும். மூன்றாவது தீங்கே மிகக் கொடியது. நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அறியாத மாற்று நிலையம், இல்லாத பெயருக்கு வந்த கடிதத்தையும் வாங்கி வைக்கிறது. பின்னர் முதல் நிலையம் அதை மறுக்கும்போது, திருப்பி அனுப்ப வேண்டியதாகிறது. அனுப்புநர் முகவரியோ பொய்! எங்கோ இருக்கும் ஒரு நிரபராதியின் பெட்டியில், அவர் எழுதாத கடிதங்கள் 'திருப்பப்பட்டவை' என வந்து குவிகின்றன. உதவி செய்ய வந்தவரே பிறர்க்குத் தொல்லை தருபவராகிவிடுகிறார்.

இதற்கு மாற்று யாது? இரு வாயில்களுக்கும் ஒரே காவல் விதி வேண்டும். உறுப்பினர் பட்டியல் இரண்டு நிலையங்களிலும் இருத்தல் வேண்டும். வேண்டாத கடிதத்தை வாங்கிய பின் திருப்புவதைவிட, வாயிலிலேயே மறுத்துவிடுவது நலம். அவ்வாறு மறுத்தால், தவறாக மறுக்கப்பட்ட நேர்மையான அனுப்புநரும் தம் கடிதம் சேரவில்லை என்பதை உடனே அறிந்துகொள்வார். முதல் நிலையம் மாற்று நிலையத்தைத் தண்டியாமல், கடிதத்தின் தலைப்பிலுள்ள பயணக் குறிப்பைப் படித்து, அது முதலில் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய வேண்டும்.

இவற்றைச் செய்ய இயலாதவர்கள் மாற்று நிலையத்தையே நீக்கிவிடுவது மேல் என்று கருதும் வல்லுநரும் உளர். அனுப்பும் சர்வர் குறைந்தது நான்கைந்து நாள்களேனும் முயன்று பார்க்க வேண்டும் என்பது 1989-லேயே பரிந்துரைக்கப்பட்டது. ஆகவே முதல் நிலையம் சில மணி நேரம் உறங்கினும் கடிதம் காத்திருக்கும், பொதுவாக அழிந்துவிடாது.

நண்பர்களே, நம்பிக்கையால் எழுந்த ஓர் ஏற்பாடு, நம்பிக்கைத் துரோகத்தால் குலையும் நிலைக்கு வந்தது. அதைக் காத்தது நம்பிக்கையைக் கைவிட்டமை அன்று. நம்பிக்கையோடு பொறுப்பையும் சேர்த்துப் பகிர்ந்துகொண்டமையே ஆகும். அண்டை வீட்டாருக்குச் சாவியைக் கொடுப்பவர், யாரை உள்ளே விடலாம் என்பதையும் சொல்லிச் செல்ல வேண்டும். சாவியை வாங்கிக்கொள்பவரும் அதனைக் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். நாளை கணிப்பொறித் துறையில் பணியேற்கவிருக்கும் மாணவர்கள், கண்ணுக்குத் தெரியும் முன்வாயிலோடு, எவரும் பாராத இரண்டாவது வாயிலையும் தம் பொறுப்பாகக் கொள்வார்களாக.