சாணையைப் பிடிப்பது எவர்?

தமிழில் சாணை பிடிப்பது என்பதே வழக்கு. கன்னடத்தில் ‘சாணெ ஹிடி’. தெலுங்கில் ‘சான பட்டு’. மூன்று மொழிகளிலும் பெயர்ச்சொல் வடமொழியின் ‘சாண’ என்பதிலிருந்து வந்தது. வினைச்சொல்லோ அந்தந்த மொழிக்கே உரியது. மூன்றின் பொருளும் பிடித்தல்தான். மரக் கடைசல் உளிகளைக் கூராக்கிய வரலாற்றுக்கு இவ்வினைச்சொல் நல்ல தொடக்கம். அவ்வரலாற்றில் கல் மாறியது. நீர் வந்து, விலகி, மீண்டும் வந்தது. பிடிக்கும் கை மட்டும் நெடுங்காலம் மாறவில்லை.

கடைசல் உளிக்குக் கூர்மை மட்டும் போதாது. சுழலும் மரத்தின்மீது உளியின் வெட்டுமுனைக்குப் பின்னுள்ள சாய்வான பரப்பு பட்டும் படாமலும் உரசியபடி செல்கிறது. உளியை வழிநடத்துவது அந்தப் பரப்பே. அது ஒரே வளைவாக இருந்தால் கை நினைத்த இடத்தில் வெட்டு விழும். ஒவ்வொரு முறையும் சற்றே வேறு கோணத்தில் சாணை பிடித்தால் அப்பரப்பு பல பட்டைகளாக உடைகிறது. பிறகு உளி எந்தப் பட்டையில் அமர்கிறது என்பது கடைபவருக்கே புலப்படாது. மரம் திடீரென முனையைப் பற்றி இழுத்துவிடும். தச்சரின் தட்டையுளியில் இச்சிறு பிழை பெரும்பாலும் மன்னிக்கப்படும். உள்வளைந்த குழியுளியிலோ, அதை உருட்டிக்கொண்டே பக்கவாட்டிலும் வீச வேண்டியிருப்பதால், பிழை பெருகுகிறது.

19ஆம் நூற்றாண்டில் இவ்வகை உளிகளுக்குப் பேர்பெற்ற ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே சாணைத் தொழிலாளர் மரச்சேணம் போன்ற இருக்கையில் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, நீர்த்தொட்டியில் நனைந்தபடி சுழலும் பெரிய மணற்கல் சக்கரத்தின்மீது எஃகை அழுத்தினர். நீர் எஃகைக் காத்தது. மெல்லிய முனை சூடேறி நீலம் பாய்ந்தால் கரிம எஃகின் கடினம் போய்விடும். மனிதரையும் அது ஓரளவு காத்தது. முள்கரண்டி போன்ற பொருள்களை உலர்ந்த கல்லில் தீட்டியோர் கல்தூளையும் எஃகுத்தூளையும் சுவாசித்து மாண்டனர். ஷெஃபீல்டு மருத்துவர் நைட்டின் பதிவுகளைக் கொண்டு ஃபிரெடரிக் எங்கெல்ஸ் 1845இல் எழுதிய கணக்கின்படி, உலர்சாணைத் தொழிலாளரின் சராசரி ஆயுள் 35ஐத் தொடுவதே அரிது. ஈரச்சாணைத் தொழிலாளர் 45ஐத் தாண்டுவது அபூர்வம். நீரின் விலை பத்தாண்டு உயிர். அதுவும் முழுப் பாதுகாப்பன்று என்பதை இரண்டாவது எண்ணே சொல்லிவிடுகிறது.

மணற்கல்லின் இடத்தைப் பிடித்த பொருளின் பெயரில் தமிழ் ஒளிந்திருக்கிறது. இந்தியக் கைவினைஞர் குருந்தக்கல் தூளை அரக்கோடு பிசைந்து சாணைச் சக்கரம் செய்துவந்தனர். சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டி வழியாக வெளியிட்ட கட்டுரை இக்கல்லை ஐரோப்பிய அறிவுலகில் நிலைநிறுத்தியது. ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழின் ‘குருந்தம்’ என்பதே. 1891இல் எட்வர்டு அச்செசன் மின்னுலையில் புதிய படிகமொன்றை உருவாக்கியபோது, அதைக் கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று கருதி ‘கார்பொரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அதில் கொரண்டம் இல்லை. அது சிலிக்கன் கார்பைடு. தவறான ஊகத்தின் தோளில் ஏறித் தமிழ்ச்சொல் ஒன்று உலகத் தொழிற்கூடங்களுக்குள் நுழைந்த கதை இது.

செயற்கைக் கல்லோடு மின்மோட்டாரும் சேர்ந்ததும் பட்டறைகளிலிருந்து நீர் விலகியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று சுழலும் உலர்சாணை வேகமாகத் தேய்த்தது, வேகமாகச் சுட்டது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் வொயிட்டும் காட்டிய அதிவேக எஃகு செந்தணல் சூட்டிலும் கடினம் இழக்கவில்லை. பிற்காலத்தில் கடைசல் உளிகளும் அவ்வெஃகில் வந்தன. எஃகைக் காக்க நீர் தேவை என்ற பழைய காரணம் பெரிதும் வலுவிழந்தது.

ஆயினும் நீர் திரும்பிவந்தது. ஸ்வீடனில் டோர்க்னி யான்சன் 1973இல் தொடங்கிய டோர்மெக் நிறுவனத்தின் ஈரச்சாணை இயந்திரங்களே அதற்கு முதன்மைச் சான்று. (‘வெட் கிரைண்டர்’ என்றதும் தமிழர் மனத்தில் கோயம்புத்தூரின் மாவாட்டும் இயந்திரமே எழும்; இது வேறு.) 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல் நிமிடத்துக்கு 90 சுற்று மட்டுமே சுழல்கிறது. 150 மில்லிமீட்டர் உலர்சாணையின் விளிம்பு வேகத்தில் இது ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு. தூள் நீரோடு படிகிறது. கல்லும் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, அதாவது வேதியியல்படி குருந்தமே.

ஆனால் இவ்வியந்திரத்தின் உண்மையான புதுமை நீரன்று. ‘ஜிக்’ எனப்படும் பிடிப்பான். கையின் நினைவில் இருந்ததை அது மூன்று அளவுகளாகப் பிரித்தது: உளி பிடிப்பானுக்கு வெளியே நீளும் தொலைவு, பிடிப்பானின் சாய்வு, தாங்குகம்பிக்கும் கல்லுக்கும் இடையிலான தூரம். மூன்றும் மாறாதவரை கோணமும் மாறாது. பழைய சாய்வின்மீதே கல் படிவதால் தேய்வது மிகச் சிறிதளவு எஃகே. விலையுயர்ந்த உளிக்கு அது ஆயுள். இருபதாண்டு பழகிய கை ஜிக் இல்லாமலே இதைச் செய்யும் என்பதில் ஐயமில்லை. அந்த இருபதாண்டு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மூன்று அளவுகளில் முதலிரண்டையும் மரத்துண்டில் அடித்த கோடாகவோ காகிதத்தில் எழுதிய எண்ணாகவோ சேமித்துவைக்கலாம். மூன்றாவதை அப்படி வைக்க இயலாது. ஒவ்வொரு சாணைக்கும் கல் சற்றே தேய்கிறது. விட்டம் குறையக் குறைய, நேற்று பூட்டிய தாங்குகம்பி இன்று தவறான கோணத்தைத் தரும். ஆகவே உளியை வைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அத்தூரத்தை அளந்து, கம்பியை மீண்டும் பூட்ட வேண்டியிருக்கிறது.