பல் மருத்துவச் சேர்க்கையும் மாணவர் அமைப்புகளும்

தமிழ்நாட்டில் பி.டி.எஸ். இடம் நீட் மதிப்பெண் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. எனவே காரைக்குடிப் பள்ளி மாணவர் ஒருவர் நாட்டு நலப்பணித் திட்டத்திலோ சாரணர் இயக்கத்திலோ பெற்ற சான்றிதழ், 720 மதிப்பெண்ணுக்கான அத்தேர்வின் தரவரிசையில் எதையும் கூட்டாது. 2007 முதல் 2016 வரை பிளஸ் 2 மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தபோதும் நிலை இதுதான். பலனளிப்பவை சட்டமும் விதியும் வகுத்த ஒதுக்கீடுகள்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தோருக்கு 2020இல் வந்த 7.5 சதவீதம், விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான இடங்கள். செட்டிநாட்டுக் கிராமப் பிள்ளைகளுக்கு இவற்றுள் முதலாவதே பெருந்துணை. அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் அவ்வாறே.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு பட்டப்படிப்பு மதிப்பெண், நுழைவுத்தேர்வு, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் யாவும் சேர்த்து எடைபோடப்படும். 1776இல் தோன்றிய ஃபை பீட்டா காப்பா போன்ற சிறப்பு மாணவர் சங்கம் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கும். ஆயினும் உயர்ந்த மதிப்பெண்ணால் கிடைத்த உறுப்பினர் தகுதி, அம்மதிப்பெண் முன்பே சொன்னதையே திரும்பச் சொல்கிறது. கட்டணம் கட்டியதும் சேர்த்துக்கொள்ளும் சங்கங்களுக்கு அந்த எடையும் இல்லை. பல் மருத்துவருக்கே உரிய ஒமிக்ரான் காப்பா உப்சிலான், 1914இல் தொடங்கியது, கல்லூரியில் சிறந்து விளங்குவோரைப் பின்னரே தேர்ந்தெடுக்கிறது. சேர்க்கைக்கு அது உதவாது.